மலை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் திடீரென்று செயலிழக்கிறது: த்ராட்டில் பாடியை மாற்றியே ஆக வேண்டுமா?

குன்னூர்ச் சாலை எழுதியது:

வணக்கம். 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பான, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய கார் ஒன்றை வைத்திருக்கிறேன். இதுவரை 95,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருக்கிறது. பெரும்பாலான ஓட்டம் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில்தான். சில மாதங்களாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆக்சிலரேட்டர் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மைத் தாண்ட மறுக்கிறது. அதே நொடியில் செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது. ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்தால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. பிறகு சில நாட்கள் தொல்லை இல்லை. எதிர்பாராத நேரத்தில் மறுபடியும் வருகிறது. நல்ல சாலையில், சமதளத்தில் வந்ததாக நினைவில்லை. சாலை குண்டும் குழியுமாக உள்ள இடங்களிலும் வேகத்தடைகளிலும், அதுவும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே வருகிறது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது பி2135, பி0222 என்ற இரண்டு பிழை எண்கள் வந்தன. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு, முன்பு 750 ஆர்பிஎம்மில் நின்ற ஐட்லிங் (பெடலைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) 1,200க்கு ஏறிவிட்டது. பழைய தொல்லையும் தீரவில்லை. இப்போது த்ராட்டில் பாடி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். புதியதன் விலை இருபதாயிரம் ரூபாயை நெருங்குகிறது. இன்னொரு மெக்கானிக், சென்னை புதுப்பேட்டையில் பழைய உருப்படி ஒன்றை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வேறொருவரோ பெடலில் உள்ள சென்சார்தான் காரணம் என்கிறார்.

செலவு செய்ய நான் தயங்கவில்லை. செலவு செய்தும் தீராவிட்டால் என்ன செய்வது என்பதே கவலை. எது பழுது என்பதை, பொருளை வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்ய வழி உண்டா? என்னிடம் நல்ல மல்டிமீட்டரும், காரின் பிழை எண்களைக் கைப்பேசியில் காட்டுகிற ஓபிடி அடாப்டரும் உள்ளன. இந்த நிலையில் மலையில் ஓட்டுவது எந்த அளவுக்கு ஆபத்து என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வயரிங் மேசை எழுதியது:

பெடலைச் சந்தேகிப்பவரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடலாம். உங்கள் காரில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே கேபிள் கிடையாது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பெடலில் உள்ள இரண்டு சென்சார்கள் வோல்டேஜாக இசியுவுக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, தெரிவிக்கின்றன. இசியு, த்ராட்டில் பாடியில் உள்ள சிறிய டிசி மோட்டாரை இயக்கி, காற்றுப் பாதையில் உள்ள வட்டத் தகட்டைத் திறக்கிறது. தகடு உண்மையில் எவ்வளவு திறந்தது என்பதை அங்கே உள்ள வேறு இரண்டு சென்சார்கள் திருப்பிச் சொல்கின்றன. ஒரே மூட்டையை இரண்டு தராசில் நிறுத்துப் பார்ப்பது போன்ற ஏற்பாடு இது; இரண்டும் ஒத்துப்போனால்தான் இசியு நம்பும். பெரும்பாலான கார்களில் பி2135 என்பது த்ராட்டில் பாடியில் உள்ள இரு சென்சார்களின் கணக்கு ஒத்துவரவில்லை என்பதைக் குறிக்கும். பெடல் சென்சார்கள் ஒன்றோடொன்று முரண்பட்டிருந்தால் பி2138 வந்திருக்கும்.

நம்பிக்கை போனதும் இசியு மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அப்போது ஸ்பிரிங், தகட்டைச் சில பாகை மட்டும் திறந்த நிலையில் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் காணும் 1,500 ஆர்பிஎம் அந்த நிலைதான்; வண்டி நடுச்சாலையில் நின்றுவிடாமல் ஊர்ந்தாவது ஓரம் சேர்வதற்கான ஏற்பாடு. சாவியை அணைத்துப் போட்டதும் இசியு புதிதாகச் சோதித்துப் பார்க்கிறது. அந்த நேரத்தில் கணக்கு ஒத்துவந்தால் வழக்கம்போல ஓட விடுகிறது. பிழை எண் மட்டும் நினைவில் தங்கும்.

இரண்டு எண்களில் பி0222தான் எனக்கு அதிகம் உதவுகிறது. இரண்டாம் சென்சாரின் சிக்னல் மிகவும் தாழ்ந்துவிட்டது என்பது அதன் பொருள். த்ராட்டில் பாடியின் கனெக்டரில் வழக்கமாக ஆறு பின்கள் இருக்கும்: இரண்டு மோட்டாருக்கு, ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், மீதி இரண்டும் சென்சாருக்கு ஒன்றாகச் சிக்னல்கள். 5 வோல்ட்டும் எர்த்தும் இரண்டு சென்சார்களுக்கும் பொது. ஆகவே 5 வோல்ட் வயர் அறுந்தால் இரண்டு சிக்னல்களும் சேர்ந்து விழுந்திருக்கும், பி0122உம் உடன் வந்திருக்கும். எர்த் அறுந்தால் இரண்டும் சேர்ந்து மேலே போயிருக்கும், பி0123உம் பி0223உம் வந்திருக்கும். உங்களுக்கு இரண்டாவது சிக்னல் மட்டும் தனியாக விழுகிறது. எனவே தேட வேண்டிய இடங்கள் இரண்டுதான்: ஒன்று, த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் அந்தச் சென்சார், மற்றொன்று, அங்கிருந்து இசியு வரை செல்லும் ஒற்றை வயரும் அதன் இரு முனைகளில் உள்ள பின்களும். இசியுவே பழுதாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டையும் பிரித்தறிய, பிழை பதிவான நொடியில் இசியு சேமித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தைப் பாருங்கள். பழைய வகைச் சென்சாரில் கரித்தடத்தின் மேல் ஒரு சிறு கை உரசிக்கொண்டே நகரும்; தகடு அதிக நேரம் நிற்கும் இடத்தில், அதாவது ஐட்லிங்கிலும் சீரான ஓட்டத்திலும், தடம் தேயும். அப்படித் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே திறப்பளவில் பிழை வரும். தொடாமல் காந்தப்புலத்தால் அளக்கும் புதிய வகையில் இந்தத் தேய்மானமே கிடையாது. வயரில் குறை என்றால், தகடு எந்த அளவில் திறந்திருந்தாலும் குலுங்கும்போது வரும். குழியிலும் வேகத்தடையிலும் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் நான் வயரின் பக்கம் சாய்கிறேன்.

சோதனையை இப்படிச் செய்யலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வையுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்தி மெதுவாக விடட்டும். பல கார்களில் அப்போதே தகடு அசையும். இரண்டு சிக்னல் பின்களிலும் இசியு முனையில் உள்ள கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையை நுழைத்து அளக்க வேண்டும். வயரின் உறையைக் குத்தாதீர்கள்; குத்திய துளை வழியாக மழைக்காலத்தில் நீர் இறங்கும். பல கார்களில் ஒரு சிக்னல் 0.6 வோல்ட் அளவிலிருந்து ஏறும்போது மற்றது 4.4 வோல்ட் அளவிலிருந்து இறங்கும். எந்த நிலையிலும் இரண்டின் கூட்டுத்தொகை 5 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். பெடலை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு, த்ராட்டில் பாடியிலிருந்து இசியு வரை வயர்க் கட்டை ஒவ்வொரு சாணாக வளைத்து, இழுத்து, தட்டிப் பாருங்கள். எண் எங்கே குதிக்கிறதோ அங்கேதான் குறை. எஞ்சின் சூடாக இருக்கும்போது செய்வது நல்லது. கைப்பேசி அடாப்டர் மெதுவாகவே எண்களைப் புதுப்பிக்கும், நொடிக்கும் குறைவான அறுபடலைத் தவறவிட்டுவிடும். மல்டிமீட்டரில் குறைந்த அளவையும் கூடிய அளவையும் பதிவுசெய்யும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை. சாவி ஆன் நிலையில் இருக்கும்போது த்ராட்டில் பாடிக்குள் விரலை விடவே கூடாது. அந்தச் சிறிய மோட்டார் பல்சக்கரங்கள் வழியாக இயங்குவதால், தகடு விரலை நசுக்கும் அளவுக்கு வலுவாக மூடும். அதேபோலச் சாவியை அணைக்காமல் கனெக்டரைக் கழற்றினால், இல்லாத பிழை எண்கள் எல்லாம் வந்து சேர்ந்து உங்களைக் குழப்பும்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

ஐட்லிங் ஏறியதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மேலே உள்ளவர் தெளிவாக எழுதிவிட்டார்.

எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி, தகட்டின் விளிம்பில் கரியாகப் படிந்து காற்றுக்கான இடைவெளியைக் குறைத்துவிடும். அதை ஈடுசெய்ய இசியு, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகத் தகட்டை அதிகம் திறந்து பழகியிருக்கும். கரியைத் துடைத்த பிறகும் இசியு அதே பழைய அளவுக்குத்தான் திறக்கிறது. இடைவெளி இப்போது பெரிதாகிவிட்டதால் காற்று கூடுதலாகப் போகிறது, ஐட்லிங் ஏறுகிறது. துடைத்தவர்கள் ஐட்லிங் ரீலேர்ன், அதாவது இசியுவுக்குப் புதிய அளவைப் பழக்கும் வேலையை, செய்யாமல் வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். சில கார்களில் ஸ்கேனர் வழியாகத்தான் செய்ய முடியும். சிலவற்றில் சாவியை ஆன் செய்து சிறிது நேரம் விட்டு, பெடலைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை ஐட்லிங்கில் ஓட விட்டாலே போதும். உங்கள் காருக்கான முறையைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும் பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். ஏசியும் முகப்பு விளக்கும் அணைந்திருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். த்ராட்டில் பாடியைக் கழற்றி மாட்டியதால் அதன் அடியில் உள்ள கேஸ்கட் மடிந்திருக்கலாம், அல்லது பிரேக்கை எளிதாக அழுத்த உதவும் பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாய் சரியாக மாட்டப்படாமல் இருக்கலாம். அங்கே காற்று கசிந்தாலும் ஐட்லிங் ஏறும். அப்போது எத்தனை ரீலேர்ன் செய்தாலும் நிற்காது.

கரியால் பி2135 வருவது அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரி படிந்தால் ஐட்லிங் இறங்கும், சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துபோகும், தகடு ஒட்டிக்கொண்டால் பி2119 போன்றவை வரும். பிழை எண்ணில் த்ராட்டில் என்ற சொல்லைக் கண்டவுடன் கிளீனர் பாட்டிலை எடுக்கும் பழக்கம் நம் தொழிலில் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் மரியாதை இல்லை. துடைக்க வேண்டியிருந்தாலும் கிளீனரைத் துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். நேரடியாகப் பீய்ச்சினால் தகட்டின் அச்சு வழியாகச் சென்சார் பக்கம் இறங்கும்.

மதுரை டீசல் எழுதியது:

மேலே எழுதியவர்களின் அறிவை மதிக்கிறேன், ஆனால் முழுவதும் உடன்படவில்லை. விட்டு விட்டு வரும் குறையை மல்டிமீட்டரோடு தேடுவது நாட்களைத் தின்னும் வேலை. வேலைக்குப் போகிற மனிதருக்கு வண்டி வேண்டும். புதுப்பேட்டையில் அதே உருப்படி எண் உள்ள த்ராட்டில் பாடி கிடைக்கும் என்றால், அதை மாட்டி ஓட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனையே. தொல்லை நின்றால் பழையது பழுது. நிற்காவிட்டால் வயர் பழுது. புதியதற்குக் கொடுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குதானே போகிறது?

வயரிங் மேசை எழுதியது:

அந்தச் சோதனை தெளிவான விடையைத் தராது, ஐயா. த்ராட்டில் பாடியை மாற்ற வேண்டுமானால் கனெக்டரைக் கழற்றி மாட்ட வேண்டும், அருகில் உள்ள வயர்க் கட்டை நகர்த்த வேண்டும். அறுந்தும் அறாமலும் இருக்கும் வயர் அந்த அசைவிலேயே சில நாட்களுக்குச் சரியாகிவிடும். பழைய உருப்படி நல்லது என்று முடிவு செய்து பணத்தைக் கொடுத்த பிறகு அது மீண்டும் வரும். மேலும், கழற்றிய வண்டியின் உருப்படி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை விற்பவரே அறிய மாட்டார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அளவீடு காட்டினால், பழையதை வாங்குவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை.

சாலையோரம் எழுதியது:

ஆபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை.

உங்கள் காரில் நடப்பது வேகம் குறைவது. ஏற்றத்தில், பின்னால் பேருந்து வரும் வளைவில், அதுவே ஆபத்துதான். செயலிழந்தவுடன் அபாய விளக்குகளைப் போடுங்கள். எஞ்சினை உடனே அணைக்காதீர்கள். அணைத்தால் பிரேக் பூஸ்டரின் உதவியும் பவர் ஸ்டீயரிங்கின் உதவியும் குறையும். முதல் கியரில் ஊர்ந்து, வளைவு கடந்து நேரான இடத்துக்கு வந்தபின் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்த பிறகே சாவியை அணையுங்கள். இறக்கத்தில் இந்த நிலை வந்தால், தகடு சற்றுத் திறந்தே நிற்பதால் எஞ்சின் பிரேக்கிங் வழக்கத்தைவிடக் குறையலாம். ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள்.

தானாக வேகமெடுக்குமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அமெரிக்காவில் டொயோட்டா கார்களைப் பற்றி எழுந்த இத்தகைய புகார்களை ஆராய்ந்த நாசா பொறியாளர்களின் அறிக்கை 2011இல் வெளியானது. த்ராட்டிலைத் தானாகப் பெரிதும் திறந்துவிடக்கூடிய மின்னணுக் கோளாறு எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பழுதான ஒரு பெடல் சென்சாருக்குள், வெள்ளீயப் பூச்சிலிருந்து முளைத்த மிக மெல்லிய உலோக இழை இரண்டு சிக்னல்களையும் ஒன்றோடொன்று இணைத்திருந்ததைக் கண்டார்கள். இரண்டு சென்சார்களும் ஒரே வோல்டேஜைக் கொடுக்காமல் வேறு வேறு அளவில் அமைக்கப்படுவதன் காரணம் இங்கே விளங்கும்: இரண்டும் உரசி ஒன்றானால் கணக்கு உடனே பொய்த்துவிடும், இசியு விழித்துக்கொள்ளும். அந்த நிறுவனம் அப்போது கார்களைத் திரும்ப அழைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் பெடலில் மாட்டிக்கொள்ளும் தரைவிரிப்பு. உங்கள் காரில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு விரிப்புகள் கிடந்தால் மேலே உள்ளதை இன்றே எடுத்துவிடுங்கள். என்றைக்காவது வேகம் குறையாமல் போனால், பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் பூஸ்டரில் உள்ள வாக்குவம் (வெற்றிடம்) தீர்ந்து பெடல் இறுகிவிடும்.

குன்னூர்ச் சாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

ஃப்ரீஸ் ஃப்ரேமில் கடைசியாகப் பதிவான திறப்பளவு 41 சதவீதம்; ஒர்க்‌ஷாப்பில் முன்பு கொடுத்த தாளில் 17 சதவீதம் என்று இருந்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போது சாவியை மட்டும் ஆன் செய்து அளந்ததில், பெடலைத் தொடாத நிலையில் ஒரு சிக்னல் 0.64 வோல்ட், மற்றது 4.35 வோல்ட். பெடலை அழுத்தி விட்டபோது இரண்டும் எங்கும் குதிக்காமல் ஏறி இறங்கின. 5 வோல்ட் பின்னில் 4.98 இருந்தது. எஞ்சின் ஓடும்போது கனெக்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.03 வோல்ட் காட்டியது.

பிறகு வயர்க் கட்டை அசைத்துக்கொண்டே வந்தேன். கனெக்டர் அருகில் ஒன்றும் இல்லை. பேட்டரி தட்டின் அடியில், கட்டு திரும்பும் இடத்தில் கை வைத்து வளைத்ததும் இரண்டாம் சிக்னல் சுழியத்துக்கு விழுந்து மீண்டும் ஏறியது. டேப்பைப் பிரித்துப் பார்த்தால், பேட்டரியை மாற்றிய இடத்தில் கட்டைப் பிடிக்கும் கிளிப்பைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். கட்டு தட்டின் இரும்பு விளிம்பில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு வயரின் உறை கிழிந்து, உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பேறியிருக்கிறது. ஓரிரு இழைகள் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் உள்ள இன்னொரு வயரின் உறையிலும் கீறல் உள்ளது, செம்பு தெரியவில்லை.

இதைச் சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) செய்யலாமா, கிரிம்ப் (உலோகக் குழலில் நுழைத்து நெரித்து இணைப்பது) செய்ய வேண்டுமா? கட்டு முழுவதையும் மாற்ற வேண்டியிருக்குமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

41, 17 என்ற அந்த இரண்டு எண்களைப் பார்த்தபோதே விடை தெரிந்துவிட்டது: திறப்பளவு வேறு வேறு என்றால் வயர்தான். கட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. என் கை சால்டரிங்குக்குத்தான் பழகியது. வளையாத இடமாக இருந்தால் அதுவே போதும் என்பேன். ஆனால் உங்கள் இடம் எஞ்சினோடு சேர்ந்து அதிரும் இடம். சால்டர் உறைந்து விறைத்த பகுதி முடியும் எல்லையில் வயர் மீண்டும் ஒடியும். இங்கே கிரிம்ப்.

வயரிங் மேசை எழுதியது:

நானும் கிரிம்ப் என்றே சொல்வேன். வேலையைத் தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். களிம்பு, உறைக்குள் நீங்கள் நினைப்பதைவிடத் தொலைவு ஏறியிருக்கும். செம்பு பளிச்சென்று தெரியும் வரை இருபுறமும் வெட்டிவிட்டு, அதே தடிமன் உள்ள வயர்த் துண்டை நடுவில் சேருங்கள். இருக்கும் வயரையே இழுத்து இணைத்தால் கட்டு விறைப்பாகி வேறு இடத்தில் அறும். இரண்டு இணைப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் அமையாமல் சற்றுத் தள்ளி இருக்கட்டும். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை மாட்டிச் சூடாக்கினால் நீர் புகாது. சாதாரண இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் இளகி நழுவிவிடும்.

இணைத்த பிறகு வயரின் தொடர்ச்சியை ஓம் அளவில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் சுழியத்தை ஒட்டித்தான் காட்டும். அந்த வயரை இசியு முனையிலும் த்ராட்டில் பாடி முனையிலும் கழற்றிவிட்டு, அதன் வழியாக ஒரு சிறிய 12 வோல்ட் பல்பை எரித்துப் பாருங்கள். முழு வெளிச்சம் வந்தால் வயர் நல்லது. இரண்டு முனைகளையும் கழற்றாமல் இதைச் செய்தால் இசியுவே போய்விடும், கவனம்.

கீறல் விழுந்த மற்ற வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். மோட்டாரின் இரண்டு வயர்களும் அதே கட்டில்தான் வருகின்றன. அவற்றில் ஒன்று இரும்பு விளிம்பைத் தொட்டால் பாதிப்பு சென்சாரோடு நிற்காது, இசியுவுக்குள் மோட்டாரை இயக்கும் பகுதிக்கே போய்ச் சேரும். அந்த வயருக்கும் உறை போட்டு, கட்டின் மேல் நெளிவுக் குழாய் ஏற்றி, விடுபட்ட கிளிப்பை வாங்கி மாட்டிவிட்டு, பிழை எண்களை அழித்து, ஐட்லிங் ரீலேர்னைக் கடைசியில் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டுவதால் எப்படியும் அதைச் செய்ய வேண்டியிருக்கும்.